குப்புராஜ் கேட்ட கேள்வி

சென்னியப்பன் அனுப்பிய முதல் கேள்வி நாலே விநாடியில் திரும்பி வந்துவிட்டது. அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "சார், நிலா விசா கிடைக்குமா? அவசரம். தெரிந்தவர்கள் சொல்லவும்."

அதன் கீழே தெளிவாளர் எழுதியிருந்தார்: "வணக்கம். உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை. யாருக்கு விசா? எந்த வகை? எந்த மாதம்? இதுவரை என்ன முயற்சி செய்தீர்கள்? 'சார்' என்று நீங்கள் அழைப்பது யாரை?"

தெளிவாளர் மனிதர் இல்லை. 'அக்கரைச் சாவடி' என்ற இணையக் குழுவின் வாசலில் உட்காரவைக்கப்பட்ட ஒரு நிரல். வெளிநாட்டுக்கும் வெளி உலகத்துக்கும் குடிபோக நினைக்கும் எண்பதாயிரம் தமிழர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். நிரல் வருவதற்கு முன் அங்கே நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒருவர் "எனக்கும் இதே கேள்வி" என்பார். அவருக்குக் கீழே நாற்பது பேர் "எனக்கும்" என்பார்கள். மேலே போய்த் தேடினால் கேள்வி என்று ஒன்றே இருக்காது. "என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்க, "இன்னும் ஒன்றும் ஆகவில்லை" என்று முன்பின் தெரியாத இன்னொருவர் பதில் சொல்வார். இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நிர்வாகிகள் கடைசியில் தெளிவாளரை வைத்தார்கள். கேள்வி தெளிவாகும்வரை அவர் குழுவுக்குள் விட மாட்டார்.

சென்னியப்பனுக்குப் பெருந்துறையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. புகைந்துபோன எந்த மோட்டாரையும் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓடவைத்துவிடுவான். பேச்சுத்தான் அவனுக்குச் சுற்றவே வராது. அவன் மனைவி கோகிலவாணி நிலாக் குடியிருப்பில் கீரை வளர்க்கும் கூடத்தில் வேலைக்குப் போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது. அவளோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டும். குடும்பச் சேர்க்கைக்கான ராக்கெட் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இந்த முறைக்கான கதவு மூட இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து மனுவைப் போட்டாயிற்று. இருந்தாலும் நாலு பேரிடம் கேட்டுவைத்தால் நல்லது என்றுதான் சாவடிக்கு வந்தான்.

கேட்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கோகிலா நிலாவில் இருப்பது அவனையும் அவன் அக்கா ருக்குமணியையும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஓசூரில் ஒரு கம்பெனியில் இருப்பதாகத்தான் சொல்லிவைத்திருந்தார்கள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடா தம்பி" என்பாள் ருக்குமணி அக்கா. "பொழப்புக்குப் போறது, கட்டடம் கட்டறது, புள்ள உண்டாகறது, இதையெல்லாம் கைக்கு வந்தப்புறந்தான் வெளிய சொல்லோணும். பழனாத்தா மவன் கனடா போறேன்னு ஒறம்பரை, சொந்தம் பூராவும் பத்திரிகை வெக்காத கொறையாச் சொன்னான். இன்னைக்கும் விஜயமங்கலம் டோல்கேட்டத் தாண்டல."

ஆகவே நம் ஊரில் எல்லோரும் செய்வதையே சென்னியப்பனும் செய்தான். "நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று எழுதினான்.

"நல்லது. நண்பரின் பெயர்?" என்றார் தெளிவாளர்.

பட்டறைச் சுவரில் ஒரு மாவு மில் காலண்டர் தொங்கியது. அதில் உரிமையாளர் பெயர் குப்புராஜ் என்று இருந்தது. சென்னியப்பன் அதையே போட்டான். தொழில் மாவு மில் என்றான். தன் வயதோடு மூன்றைக் கூட்டி நாற்பத்தொன்று ஆக்கினான். மனைவி பதினெட்டு மாதமாக நிலாவில் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பதாக எழுதினான். எவனாவது ஊர்க்காரன் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

"நண்பர் ஏன் நிலாவுக்குப் போக விரும்புகிறார்?"

"குடும்பத்தோடு சேர."

"தெளிவாக இல்லை. பதினெட்டு மாதம் சேராமல் இருந்தவர் இப்போது ஏன் சேர வேண்டும்?"

சென்னியப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நம்மைப் பற்றியா கேட்கிறது, குப்புராஜைப் பற்றித்தானே என்று நினைத்தபோது அது தணிந்தும் போனது. குப்புராஜுக்கு என்ன வெட்கம்? அவன் இல்லாத மனிதன். எழுதினான்: "அவள் வேலைக்கு எழுதிப் போட்டது அவனுக்குத் தெரியாது. உத்தரவு வந்த பிறகுதான் சொன்னாள். 'போறதுன்னா போ' என்று சொல்லிவிட்டான்."

"அவள் போக வேண்டும் என்றா சொன்னார்?"

"இல்லை. 'நீங்க மனசாரச் சொல்லாம போகமாட்டேன்' என்பாள் என்று நினைத்தான்."

"அவள் என்ன செய்தாள்?"

"போய்விட்டாள்."

"இப்போது அவருக்கு என்ன தெரிய வேண்டும்? ஒரே ஒரு கேள்வியாகச் சொல்லுங்கள்."

இப்படியே மூன்று நாள் போயிற்று. பட்டறையில் ஏழு மோட்டார்கள் கட்டாமல் கிடந்தன. வாசலில் கோகிலாவின் செருப்பை இன்றுவரை எடுக்காமல் விட்டிருப்பதைக்கூட அவன் எழுதினான். செருப்பு என்றால் அக்கம்பக்கத்தார் மோப்பம் பிடிப்பார்கள் என்று அதைக் குடையாக மாற்றினான். நான்காம் நாள் தெளிவாளர், "இப்போது தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். குழுவில் ஏறிய கேள்வி இது:

"என் நண்பர் குப்புராஜுக்காகக் கேட்கிறேன். அவர் மனைவி பதினெட்டு மாதமாக நிலாவில் இருக்கிறார். போ என்று சொன்னவர் இவர்தான், ஆனால் அதைப் போகாதே என்ற பொருளில் சொன்னார். இன்றும் அவளுடைய குடையை வாசலில் மாட்டிவைத்திருக்கிறார், வருகிறவர்கள் அவள் உள்ளே இருக்கிறாள் என்று நினைக்கட்டும் என்று. தினமும் அலைபேசியில் 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்கிறார். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. குடும்பச் சேர்க்கையில் அங்கே போனால், முதல் மாதத்தில் வேலை இல்லாவிட்டாலும் மனைவியின் அறையிலேயே அவர் தங்கலாமா?"

இரண்டு நாளில் இருபதாயிரம் பேர் படித்தார்கள். தங்கலாம் என்று விதி எண்ணோடு ஒரே ஒருவர் பதில் சொன்னார். மற்றவர்கள் அழுதார்கள். நாமக்கல்லில் குப்புராஜ் ரசிகர் மன்றம் தொடங்கினார்கள். சென்னியப்பன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வாரம் கோகிலாவே அலைபேசியில் அழைத்தாள். நிலாவுக்குப் பேசுவதில் ஒரு தொல்லை உண்டு. நாம் சொன்னது போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அவள் பதில் திரும்பிவர அதேபோல இன்னொன்று. சண்டை போடுவதற்குத் தோதான ஏற்பாடு இல்லை.

"சாப்பிட்டியா?" என்றான் சென்னியப்பன்.

இரண்டரை விநாடி கழித்து அவள் பெருமூச்சு வந்தது. "ஆச்சுங்க. ஏனுங்க, நீங்க அந்தக் குப்புராஜ் எழுதுனதப் படிச்சீங்களா?"

ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டான். "எந்தக் குப்புராஜு?"

"இங்க அதே பேச்சுங்க. சமையக்கூடத்துல பதினேழு பொம்பளைங்க. யாரு வூட்டுக்காரருன்னு தெரியல. பேர மாத்திப் போட்டிருப்பாரு, எங்க வூட்டுக்காரராத்தான் இருக்கும்னு ஒவ்வொருத்தியும் நெனச்சுட்டிருக்கறா. நானும் ரெண்டு தடவ படிச்சேன். குடைய மாட்டி வெச்சிருக்கறாராமா. அந்த மாதிரி ஒரு வார்த்தை நீங்க என்கிட்ட பேசியிருக்கீங்களா?"

நான்தான் அது என்று சொல்லிவிடலாம். ஆனால் விசா கைக்கு வரவில்லையே! கைக்கு வராததைச் சொல்லக்கூடாது. அதோடு, குப்புராஜ் மீது அவனுக்குப் பொறாமையும் வந்துவிட்டது. "எழுதறதுல என்ன இருக்குது" என்றான் வெடுக்கென்று. "மாவு மில்லுக்காரனுக்கு வேல இருக்காது, எழுதுவான்."

அவள் இணைப்பைத் துண்டித்தது ஒன்றேகால் விநாடி கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கதவு மூட ஒன்பது நாள் இருக்கும்போது இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. முதல் கடிதம் குப்புராஜுக்கு, நண்பர் சென்னியப்பன் மேற்பார்வை என்று முகவரியிட்டு. விசா அனுமதிக்கப்பட்டது, இருக்கை எண் பதினான்கு. இரண்டாவது சென்னியப்பனுக்கு. மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: இந்த விண்ணப்பதாரர் தனக்காக இதுவரை எதையும் கேட்டதில்லை. போவதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

கோவையில் இருந்த நிலாக் குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினான். கூடம் முழுக்க ஆட்கள். ஒருவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு விசும்பினார். "என்ர சினேகிதனுக்குக் கெடச்சிருச்சுங்க, எனக்கு இல்லீங்க" என்றார். சினேகிதர் எங்கே என்று கேட்டதற்குத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருடைய கதையும் அதுதான்.

அலுவலர் அக்சிலியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். அன்றைக்கே அதை அவர் ஐம்பதாவது தடவையாகச் சொல்லியிருப்பார்.

"நிலா நிர்வாகம் மனுவைப் படிக்கிறத விட்டு மூணு வருஷம் ஆச்சு சார். மனுவில எல்லாரும் பொய் சொல்றாங்க. ஏஜென்ட் எழுதினதுக்குக் கையெழுத்துப் போடறாங்க. ஆனா ஒருத்தர் கேள்வி கேக்கும்போது பொய் சொல்றதில்லை, தெரியாததைத்தானே கேக்கறார்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. அதனால இந்த மாதிரிக் குழுக்கள்ல தெளிவா ஏறின கேள்வியெல்லாம் நேரா ஃபைல் ஆயிடும். கேள்வியை வெச்சுத்தான் விசா. குழுவில சேரும்போது சம்மதம்னு ஒரு பட்டனை அமுக்கியிருப்பீங்களே, அதில இது எல்லாம் இருக்கு."

"எங்கூருல கேள்வியிலயும் பொய் சொல்லுவோமுங்க" என்றான் சென்னியப்பன்.

"அது அவங்களுக்குத் தெரியாது." அக்சிலியா சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய வெள்ளிக் கேடயம் மாட்டியிருந்தது. "தமிழ்நாட்டிலேர்ந்து போற கேள்வியில நூத்துக்குத் தொண்ணூறு நண்பருக்காக. தனக்குன்னு எதுவும் கேக்காத மக்கள்னு நமக்கு விருது கொடுத்திருக்காங்க. போன ராக்கெட்டில அறுபத்திரண்டு சீட் காலியாப் போச்சு. அத்தனை பேரும் நண்பர்கள்."

"குப்புராஜு சம்சாரம்னு அங்க யாருமே இல்லையேங்க? பாத்திருப்பாங்களே?"

"பார்த்தாங்க. இவ்வளவு தெளிவாக் கேக்கிறவர் தப்பா எழுதியிருக்க மாட்டார், எங்க பதிவேட்டிலதான் பிழைன்னு முடிவு பண்ணிட்டாங்க."

சென்னியப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அதுல நானே போயிர்றனுங்க. குப்புராஜு நான்தான்."

"அதை இங்க சொல்லி ஆகாது சார். எங்க கேள்வி ஏறிச்சோ அங்கயே, உங்க சொந்தப் பேரில, தெளிவாக் கேக்கணும்."

பேருந்தில் திரும்பும்போது முழு வழியும் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொந்தப் பெயரில் எழுதினால் பெருந்துறை படிக்கும், சொந்தம் படிக்கும், விசா கைக்கு வருவதற்கு முன்னாலேயே எண்பதாயிரம் ஜோடிக் கண் படும். எழுதாவிட்டால் கோகிலா மூன்று வருடம் தனியாக இருப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு அவன் தேவைப்படுவானா என்பது தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தான்.

"உங்களுக்கும் குப்புராஜுக்கும் என்ன உறவு?" என்றார் தெளிவாளர்.

"அது நான்தான்."

"தெளிவாக இல்லை. உங்கள் இருவருக்கும் வயது வேறு, தொழில் வேறு, மனைவியின் வேலை வேறு."

ஒவ்வொன்றாகத் திருத்தினான். வயது முப்பத்தெட்டு. மாவு மில் இல்லை, மோட்டார் பட்டறை. சமையற்கூடம் இல்லை, கீரை. குடை இல்லை, செருப்பு. மனைவி பெயர் கோகிலவாணி. அவள் ஓசூரில் இல்லை. எல்லாவற்றையும் அவன் பெயரும் படமும் போட்டுத் தெளிவாளர் குழுவில் ஏற்றினார்.

அரை மணி நேரத்தில் ருக்குமணி அக்கா வந்து நின்றாள். "ஏன்டா, ஓசூரு எப்படா நிலாவுக்குப் போச்சுன்னு ஊரே கேக்குது. எல்லாத்தையும் பொட்டுன்னு போட்டு ஒடச்சிட்டயே! இனி வெளங்குமா இது?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உப்பும் மிளகாயும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வீட்டையே தூக்கியது. இருமிக்கொண்டே, "போதல போ, எண்பதாயிரம் பேருக்கு எங்க போயி மொளகா வாங்கறது" என்றாள்.

குழுவில் யாரும் அவனை நம்பவில்லை. அடுத்தவன் மனைவிக்கு எழுதிய எழுத்தைத் திருடும் அற்பன் என்றார்கள். நாமக்கல் ரசிகர் மன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர், நான்தான் உண்மையான குப்புராஜ் என்று சொந்தப் பெயரில் எழுதினார்கள். அவர்களுடைய கேள்விகளும் தெளிவாகவே இருந்தன.

நாலு குப்புராஜ்கள் வந்துவிட்டதால் நிலா நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. கேள்வியை எழுதியவர் யார் என்று அவரவர் மனைவியிடம் எழுத்து மூலம் சான்று வாங்க வேண்டும். கோகிலாவுக்குப் போன கேள்வி இது: "இணைப்பில் உள்ள சொற்களை உங்கள் கணவர் எழுதியிருக்கக்கூடுமா?"

கதவு மூட இரண்டு நாள் இருக்கும்போது அக்சிலியா அவனை அலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது. "உங்க மனைவி பதில் அனுப்பிட்டாங்க சார். 'வாய்ப்பே இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. மத்த மூணு பேரோட மனைவிகளும் அதையேதான் எழுதியிருக்காங்க."

சென்னியப்பன் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. தெளிவாகக் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த சென்னியப்பன் அப்படி ஒரு வரி எழுதக்கூடியவன் இல்லை. அவள் சொன்னது சரிதான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. துடைக்கக் கையில் கிடைத்தது கிரீஸ் துணி, அதிலேயே துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்சிலியா மறுபடி கூப்பிட்டார். "உங்க மனைவி பதிலை மாத்திட்டாங்க சார். 'ஆம், அவர்தான் எழுதினார், உறுதியாகச் சொல்கிறேன்'னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு விசா ஆயிடுச்சு. சீட் பதினஞ்சு."

"பதினஞ்சா? பதினாலு என்னுதுதானுங்களே?"

"அது குப்புராஜோடது. ரத்து பண்ணணும்னா அவரே அடையாள அட்டையோட வந்து கையெழுத்துப் போடணும்னு விதி. அதனால அப்படியே விட்டுட்டோம். அவருக்கும் சாப்பாடு ஏத்தியாச்சு."

சென்னியப்பன் கோகிலாவைக் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில், "கோகிலா, அது நெசமாவே நான்தான் எழுதுனன்" என்றான்.

இரண்டரை விநாடி.

"அட, விடுங்க" என்றாள் அவள். குரலில் சிரிப்பும் ஈரமும் கலந்திருந்தன. "என்கிட்டயுமா? எழுதிக் குடுத்தாச்சுங்க, இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஊரான் எழுதுனத உங்குளுதுன்னு சொல்லிட்டுத் திரியறீங்களேன்னு. அப்பறம் குழுவுல போயிப் பாத்தேன். ஆளாளுக்குக் காறித் துப்பியிருக்கறாங்க. திருடன்னு எழுதியிருக்கறாங்க. அத்தன பேச்சையும் வாங்கிக்கிட்டு எம்பட பேரயும் உங்க பேரயும் போட்டு நிக்கறீங்க. நாலு பேரு முன்னால என்ர பேரச் சொல்லிக் கூப்புடவே கூச்சப்படற ஆளு நீங்க. எனக்கு அது போதுமுங்க. அதான் பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பொய்யில்ல..." என்று ஆரம்பித்தான். அவள் குரல் குறுக்கே வந்துவிட்டது. அவன் சொன்னது இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் மனசுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க. அந்தக் குப்புராஜு பாவம். அவருகூட நீங்களும் போட்டி போட்டதுல அவரு சீட்டு போயிருச்சா? அவரு சம்சாரம் இங்க எங்கியோ காத்துட்டு இருக்குமே?"

விளக்கிச் சொல்ல அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். யார், எது, எப்போது என்று வரிசையாக, ஒரு சந்தேகமும் இல்லாமல் சொல்லியிருக்கலாம். தெளிவாளர்கூட ஒரு தடவையிலேயே ஏற்றுக்கொண்டிருப்பார்.

"போகல" என்றான். "கெடச்சிருச்சு அவனுக்கும். எனக்குப் பக்கத்து சீட்டுத்தான்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அத்தனை தூரம் தாண்டிக் கேட்டது.

"அப்பாடா. அப்ப ஒண்ணு பண்ணுங்க. மூணு நாள் பிரயாணம், சும்மா தூங்கிட்டு வராதீங்க. பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசறதுன்னு அவருகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டு வாங்க."

"சரி" என்றான் சென்னியப்பன்.